ஹாப் மணக்கும் பெல்ஜியம் ஸ்ட்ராங் ஏல்: ஒரு பாட்டிலை முக்கால் மணி நேரம் சுவைக்கும் முறை

நல்ல ஹாப் சேர்த்த பெல்ஜியம் ஸ்ட்ராங் ஏலை (ஆல்கஹால் மிகுந்த ஒரு பியர் வகை) முதல்முறை குடிப்பவர்கள் சொல்லும் முதல் சொல் ‘கசப்பு’. அடுத்த சொல் ‘பழ வாசனை’. இரண்டும் சரிதான். ஆனால் அந்தக் கசப்பை எது கொடுத்தது, அந்தப் பழத்தை எது கொடுத்தது என்று பிரித்துப் பார்க்காதவரை அந்தப் பியரைப் பாதிதான் குடித்திருக்கிறோம். கசப்பும் ஆரஞ்சுத் தோல் மணமும் ஹாப் என்னும் கொடியின் பூவிலிருந்து வருபவை. வாழைப்பழமும் கிராம்பும் ஈஸ்ட் உண்டாக்குபவை. பியருக்குள் ஒரு வாழைப்பழத் துண்டும் போடப்படவில்லை, ஒரு கிராம்பும் போடப்படவில்லை. கச்சேரியில் வாய்ப்பாட்டுக்கு அடியில் ஓடும் வயலினைத் தனியாகக் கேட்கப் பழகுகிறோமே, அதே பழக்கம்தான் இங்கும் வேண்டும்.

அதற்குத் தேவையானவை ஒரு 33 சென்டிலிட்டர் பாட்டில், ஒரு கோப்பை, ஒரு தாள், ஒரு பேனா, முக்கால் மணி நேரம். ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 9 சதவீத ஆல்கஹால் உள்ள 33 சென்டிலிட்டர் பியரில் ஏறக்குறைய 23 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதே அளவு பாட்டிலில் 5 சதவீதப் பியர் என்றால் 13 கிராம்தான். ஆகவே வயிற்றுக்குச் சிறிது போட்டுவிட்டு உட்காருங்கள். அன்று வண்டி ஓட்ட வேண்டாம். ஒரு பாட்டிலோடு நிறுத்துங்கள். இரண்டாவது பாட்டிலில் நாக்கு ஏற்கெனவே களைத்திருக்கும். அதில் எழுதும் குறிப்புகளை நான் நம்புவதில்லை.

எந்தப் பியரை எடுத்துக்கொள்வது?

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஊப்லோன் ஷூஃப். பெல்ஜியத்தின் தென்கிழக்கில், ஆர்டென் காட்டு மலைப் பகுதியில், ஊஃபலீஸ் ஊருக்கு அருகில் அஷூஃப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கிறிஸ் பௌவெரார்ட்ஸ், பியெர் கோப்ரோன் என்ற மைத்துனர்கள் இருவர் 1982இல் ஒரு பியர் ஆலையைத் தொடங்கினார்கள். முதல் காய்ச்சல் வெறும் 49 லிட்டர். லேபிளில் குல்லாய் அணிந்த தாடிக்காரக் குட்டி மனிதன் நிற்பான். எல்லா ஷூஃப் பாட்டில்களிலும் அவனைப் பார்க்கலாம். 2006இல் டூவெல் பியரைக் காய்ச்சும் டூவெல் மோர்ட்காட் நிறுவனம் இந்த ஆலையை வாங்கியது. ஊப்லோன் ஷூஃப் பிறந்ததும் அதே ஆண்டில்தான். ‘ஊப்லோன்’ என்றால் பிரெஞ்சு மொழியில் ஹாப்.

பெல்ஜியத்தில் ஹாப் புதிதல்ல. மேற்கு ஃப்ளாண்டர்ஸில் உள்ள பொப்பெரிங்கே ஊரைச் சுற்றி ஹாப் கொடிகள் தலைமுறை தலைமுறையாக வளர்கின்றன. வசந்தத்தின் தொடக்கத்தில் அந்தக் கொடியின் இளங்குருத்தைக் கறி சமைத்தும் உண்கிறார்கள். இருந்தும் பெல்ஜியம் பியரில் ஹாப் பெரும்பாலும் பின்வரிசையில்தான் நின்றது. முன்னால் நின்றது ஈஸ்ட். 1934இல் வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகள் ‘ட்ரிப்பெல்’ என்று பெயரிட்டு வெளியிட்ட பொன்னிற ஸ்ட்ராங் ஏல்தான் பிறகு வந்த ட்ரிப்பெல்களுக்கெல்லாம் முன்மாதிரி. அமெரிக்காவில் ஐபிஏ என்னும் ஹாப் மிகுந்த பியர்கள் பரவியபின், அந்த ஹாப் வேகத்தை ட்ரிப்பெலின் உடம்புக்குள் ஏற்றிப் பார்க்கும் ஆசை பெல்ஜியக்காரர்களுக்கு வந்தது. 2005இல் வந்த உர்த்தெல் ஹாப்-இட் அப்படிப் பிறந்ததுதான். அடுத்த ஆண்டு ஊப்லோன் ஷூஃப், அதற்கடுத்த ஆண்டு டூவெல் ட்ரிப்பெல் ஹாப். மூன்றுமே 9 சதவீதத்தை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ ஆல்கஹால் கொண்டவை.

ஊப்லோன் ஷூஃபை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதில் மூன்று ஹாப் வகைகளும் மூன்று வெவ்வேறு முகம் உடையவை. டோமஹாக் அமெரிக்க வகை. பிசின் நெடியும் மிளகுக் காட்டமும் கொண்டது. சாட்ஸ் செக் நாட்டுப் பழைய வகை. மென்மையான பச்சிலை, ஈர மண் வாசனை. அமரில்லோ வாஷிங்டன் மாநிலப் பண்ணை ஒன்றில் தானாக முளைத்துக் கண்டெடுக்கப்பட்ட வகை. அதை முகர்ந்தால் கமலா ஆரஞ்சு உரித்த விரல் நினைவுக்கு வரும். இந்தப் பியரின் கசப்பு அளவு 59 ஐபியூ. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஹாப் கசப்புப் பொருள் என்பதை ஒரு ஐபியூ என்று தோராயமாகக் கொள்ளலாம். சாதாரண லாகர் பியர்கள் பெரும்பாலும் 20ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

இந்தப் படியில் தவறினால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் வீண். பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கவிடும் பெல்ஜியம் பியர்களுக்குக் காலாவதித் தேதி மிகத் தள்ளிப் போட்டிருப்பார்கள்; இரண்டு ஆண்டு, சில வேளை மூன்று ஆண்டுகூட. பியர் அதுவரை கெடாது என்பது உண்மை. ஆனால் ஹாப் மணம் அதுவரை இருக்காது. ஹாப்பின் எண்ணெய்கள் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். எனவே அச்சிட்ட தேதி எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரே அலமாரியில் இரண்டு தேதி இருந்தால் பின்னால் கையை விட்டுப் புதியதை எடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஒரு கோடைக்காலத்தில் வெயில் விழும் கடை ஜன்னலோரத்தில் அழகாக அடுக்கி வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை வாங்கி வந்தேன். திறந்ததும் ஆரஞ்சும் இல்லை, பச்சிலையும் இல்லை. ரப்பர் கருகியது போன்ற ஒரு நெடி. மேலைநாட்டவர் இதை ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தோடு ஒப்பிடுவார்கள். ஹாப்பின் கசப்புப் பொருள் மீது ஒளி படும்போது, பியரில் உள்ள ரிபோஃப்ளேவின் (பி2 வைட்டமின்) அந்த ஒளியை வாங்கிக் கொடுக்க, கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உருவாகிறது. அதன் துளியிலும் துளி போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்பு நிறக் கண்ணாடி பெருமளவு காக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவு காக்காது. பழுப்பானாலும் பல வாரம் வெயிலில் நின்ற பாட்டிலைக் காப்பாற்ற முடியாது. ஹாப் அதிகமுள்ள பியர்தான் இதில் அதிகம் அடிபடும். அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

இரண்டு பாட்டிலாக வாங்குங்கள். இரண்டாவது எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முந்தின நாள்

பாட்டிலைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி நிறுத்துங்கள். படுக்க வைக்காதீர்கள். அடியில் ஈஸ்ட் வண்டல் படிந்து இறுக வேண்டும். குடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். பெட்டியில் 4 டிகிரியில் இருந்தது 7, 8 டிகிரிக்கு ஏறியிருக்கும். நமது தொடக்கம் அதுதான். நடுங்கும் குளிரில் மணம் எழும்பாது, இனிப்பு தெரியாது, கசப்பு மட்டும் ஆணி போல நிற்கும். இந்த வகைப் பியரை ‘ஒரே கசப்பு’ என்று ஒதுக்கியவர்களில் பாதிப்பேர் அதை ஐஸ் போலக் குடித்தவர்கள் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கோப்பை பெரிதாக, அடியில் அகன்று, வாயருகில் சற்றுக் குறுகியதாக இருக்க வேண்டும். டியூலிப் பூ வடிவம் சிறந்தது. இல்லையென்றால் சிவப்பு ஒயின் கோப்பை போதும். கொள்ளளவு அரை லிட்டராவது வேண்டும். நுரைக்கு இடம் விட வேண்டுமே. சோப்பு மிச்சமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் நுரை உடனே அமுங்கிவிடும். வெந்நீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். ஊற்றுமுன் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை நனையுங்கள்.

அன்று மாலை காபியும் மிளகாய்க் காரமும் வேண்டாம். வீட்டில் தாளிக்கிற நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். கடுகும் பெருங்காயமும் பொரிகிற வீட்டில் சாட்ஸ் ஹாப்பின் பச்சிலை மணத்தைத் தேடுவது வீண் முயற்சி.

ஊற்றுதல்

கோப்பையை 45 டிகிரி சாய்த்து, உட்சுவரைத் தொட்டபடி மெல்ல ஊற்றுங்கள். பாதி நிறைந்ததும் நிமிர்த்தி, நடுவில் விழும்படி ஊற்றுங்கள். அப்போதுதான் நுரை எழும். பாட்டிலில் மறுபடி நொதித்த பியரில் கரியமில வாயு வழக்கத்தைவிட அதிகம், அதனால் அவசரம் காட்டினால் மேசை நனையும். அடியில் இரண்டு விரல் அளவு பியரை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். வண்டல் அதில்தான் இருக்கிறது.

இனி கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் பாருங்கள். இந்த இரண்டு நிமிடத்தை யாரும் மதிப்பதில்லை, எனக்கோ மிகப் பிடித்தது இதுதான். நிறம் வைக்கோல் மஞ்சளுக்கும் இளந்தேன் நிறத்துக்கும் நடுவில். அடியிலிருந்து குமிழிகள் நூல் கோத்தது போலத் தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும். மேலே வெண்ணுரை முதலில் பஞ்சு போலப் பொங்கி நிற்கும். பிறகு பெரிய குமிழிகள் உடைந்து மேற்பரப்பு மேடு பள்ளமாகும். ஒரு பக்கம் நுரை இறங்கும்போது கண்ணாடியில் வலைப்பின்னல் போன்ற தடம் ஒட்டிக்கொள்ளும். ஹாப்பின் கசப்புப் பொருளும் முளைப்பயிரான பார்லியின் புரதமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் நுரைக்கு இந்த உறுதி. ஆல்கஹால் நுரையைக் கெடுக்கும் தன்மையுடையது. 9 சதவீதத்திலும் நுரை நிற்கிறதென்றால் அதில் ஹாப்பின் பங்கு பெரிது. ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையம் கண்ணாடியில் பதிந்து நிற்கும். குடித்து முடித்தபின் எத்தனை மிடறு குடித்தோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மூக்கு

முதல் முகர்தல் தொலைவிலிருந்து. கோப்பையை மார்பளவில் வைத்துக்கொண்டு இயல்பாக மூச்சு இழுங்கள். அந்தத் தொலைவிலும் எட்டுகிற மணம் எதுவோ அதை முதலில் எழுதுங்கள். புதிய பாட்டிலென்றால் அது பெரும்பாலும் ஹாப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, மூக்கைக் கோப்பைக்குள் கொண்டுசென்று இரண்டு மூன்று குட்டி மூச்சுகள். நீண்ட மூச்சு வேண்டாம், அது மூக்கைச் சலிப்படைய வைக்கும். நடுவே உங்கள் முழங்கைச் சட்டையை முகர்ந்தால் மூக்கு தெளிந்துவிடும்.

ஹாப் பகுதியில் என்ன தேடுவது? நம்மிடம் இதற்கு நல்ல சொற்களும் நினைவுகளும் இருக்கின்றன. மேலைநாட்டுக் குறிப்புகளில் வரும் பழப் பெயர்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை. கமலா ஆரஞ்சின் தோலை மடித்தால் தெறிக்கும் எண்ணெய், நார்த்தங்காய்த் தோல், பம்ப்ளிமாஸ் சுளையின் வெள்ளை நார், கசக்கிய பச்சிலை, மரப்பிசின். ஹாப்பில் உள்ள லினலூல் என்ற மணப்பொருள்தான் மல்லி விதை எண்ணெயின் முக்கியப் பகுதி. அதனால் வறுக்காத தனியாவைக் கையில் நசுக்கியது போன்ற இதம் தெரிந்தால் அது கற்பனை அல்ல. ஹாப்பின் இன்னொரு மணப்பொருளான மிர்சீன் மாங்காயிலும் உண்டு. கேரியோஃபிலீன் மிளகிலும் உண்டு. நம் அஞ்சறைப் பெட்டியிலும் தோட்டத்திலும் இருக்கிற பொருள்களே இந்தப் பூவுக்குள்ளும் இருக்கின்றன.

இந்த மணமும் கசப்பும் ஒரே பூவிலிருந்து வந்தாலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பார்லிச் சாறு கொதிக்கத் தொடங்கும்போதே போட்ட ஹாப், நீண்ட கொதிப்பில் தன் ஆல்ஃபா அமிலங்களை உருமாற்றிக் கசப்பாகக் கொடுத்துவிடும். மணமோ ஆவியோடு போய்விடும். கொதிப்பின் கடைசியில் அல்லது குளிர்ந்த பிறகு போட்ட ஹாப் கசப்பு அதிகம் தராது, மணத்தைத் தரும். ரசத்தில் மிளகைப் பொடித்துக் கொதிக்க விடுவதற்கும் கொத்தமல்லித் தழையை இறக்கும்போது தூவுவதற்கும் உள்ள வேறுபாடுதான். ஆகவே ‘மணம் தூக்கல், கசப்பு மிதம்’ என்றோ ‘கசப்பு அதிகம், மணம் குறைவு’ என்றோ குறிப்பெழுதும்போது, காய்ச்சியவர் ஹாப்பை எப்போது போட்டார் என்பதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

மூன்றாவது முகர்தல் ஈஸ்டுக்காக. கோப்பையை மெல்லச் சுழற்றி நுரையை உடைத்து, ஹாப்பை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு அதன் அடியில் தேடுங்கள். கனிந்து தோல் கறுக்கத் தொடங்கிய பூவன் பழம், பேரிக்காய், சில நேரம் பலாச்சுளையின் இனிப்பு நெடி. ஐசோஅமைல் அசிடேட் என்னும் எஸ்டர் (பழ மணம் தரும் சேர்மம்) இதற்குக் காரணம். பழுத்த வாழையின் மணமும் அதுவே. நொதிக்கும் வெப்பம் கூடினால் இது கூடும். அதோடு சேர்ந்து நாவை மரக்கச் செய்யும் அந்தக் கிராம்பு வாசம். பார்லியின் உமியோரப் பகுதியில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தைப் பெல்ஜியம் ஈஸ்ட் வகைகள் மாற்றும்போது பிறக்கும் பொருள் அது. கிராம்பின் மணப்பொருளான யூஜினாலுக்கு நெருங்கிய உறவு. எல்லா ஈஸ்டும் இதைச் செய்யாது. லாகர் ஈஸ்டும் பெரும்பாலான ஆங்கில ஈஸ்டும் செய்வதில்லை. கோப்பையில் கிராம்பு கிடைத்துவிட்டால் பெல்ஜியத்தின் கையெழுத்து கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

மால்ட்டை, அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லியை, முகர்ந்து எடுப்பது கடினம். ரொட்டி ஓரம், பிஸ்கட், கொஞ்சம் தேன். தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம், வாயில் தெரியும்.

வாய்

முதல் மிடற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். நாக்கு அந்தக் குமிழிக்கும் கசப்புக்கும் பழகுவதற்கு அது. இரண்டாவது மிடறு சற்றுப் பெரிதாக இருக்கட்டும். வாய் முழுக்கப் பரவவிட்டு, ஐந்து எண்ணி விழுங்குங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்புறத்தில் கசப்பு என்று பள்ளியில் வரைந்த படத்தை மறந்துவிடுங்கள். அது தவறு என்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. எல்லாச் சுவையும் நாக்கு முழுக்கத் தெரியும். ஆனால் நேர வரிசை உண்டு. இனிப்பு முன்னால் வரும், கசப்பு தாமதமாக வந்து நீண்ட நேரம் தங்கும். அந்த வரிசையைத்தான் கவனிக்க வேண்டும்.

ஊப்லோன் ஷூஃபில் அது இப்படி வருகிறது. முதலில் ஒரு தேன் துளி இனிப்பு, உடனே குமிழியின் குத்தல், அதன் மீது ஆரஞ்சு. விழுங்கும் நேரத்தில் இனிப்பு சட்டென்று அறுந்துவிடும். இந்த அறுப்புதான் ட்ரிப்பெலின் கலை. இந்த வகைப் பியரில் பார்லியோடு சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சும் வழக்கம் உண்டு. சர்க்கரை இனிக்கத்தானே செய்யும் என்று நினைக்கத் தோன்றும். ஈஸ்ட் அதை மிச்சமின்றித் தின்றுவிடுகிறது. ஆல்கஹால் ஏறுகிறது, பியரின் கனம் குறைகிறது, வாய் உலர்ந்து முடிகிறது. முழுவதும் பார்லியிலேயே 9 சதவீதம் எட்டியிருந்தால் அது பாகு போல் கனத்திருக்கும், அதன் மீது 59 ஐபியூ கசப்பு ஏறினால் மருந்தாகியிருக்கும்.

விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். தொண்டையின் பின்புறம் வழியாக மணம் மேலேறும். கிராம்பும் மிளகும் இங்கேதான் தெளிவாகத் தெரியும். ஐயம் இருந்தால் ஒரு சோதனை: மூக்கை விரலால் மூடிக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். இனிப்பும் கசப்பும் மட்டும் தெரியும், ஆரஞ்சு இராது. விரலை எடுத்த நொடியில் ஆரஞ்சு வந்து நிற்கும். ஒருமுறை செய்து பார்த்தால் மணம் எது, சுவை எது என்பதில் பிறகு குழப்பமே வராது.

கசப்பின் தரத்தைத் தனியே எழுதுங்கள். ‘கசக்கிறது’ என்பது குறிப்பல்ல. பாகற்காய்க் கசப்பு நாக்கில் படர்ந்து ஒட்டும். சுண்டைவற்றல் கசப்பில் வறுபட்ட வாசனை சேர்ந்திருக்கும். வேப்பம்பூ ரசத்தின் கசப்பு மெல்ல வந்து தொண்டையில் இதமாக முடியும். நான் கண்டவரை ஊப்லோன் ஷூஃபின் கசப்பு பம்ப்ளிமாஸ் தோலின் உட்புறத்தைக் கடித்தது போன்றது: கூர்மையானது, சிறு துவர்ப்புடன் நாக்கின் ஓரங்களில் நிற்பது. விழுங்கியபின் கடிகாரத்தைப் பாருங்கள். முப்பது நொடிக்கும் மேல் தங்குகிறதா, தங்கும்போது இதமாக இருக்கிறதா, சொரசொரப்பாகிறதா? ஹாப் கசப்பு மிடறுக்கு மிடறு அடுக்கிக்கொண்டே போகும். ஆகவே மூன்று மிடறுக்கு ஒருமுறை உப்பில்லாத ரொட்டித் துண்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர் விடும் நேரம்

இதுதான் இந்த வழிகாட்டியின் நெஞ்சுப் பகுதி. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் இரண்டு மிடறு. என் தாளில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

ஊற்றியவுடன்: நார்த்தங்காய்த் தோல், பிசின், பச்சைப்புல். கசப்பு முன்னால். வாழைப்பழம் அறவே இல்லை. ஆல்கஹால் தெரியவில்லை.

பத்து நிமிடம்: ஆரஞ்சு இப்போது தோலிலிருந்து சுளைக்கு வந்துவிட்டது. பேரிக்காய் எட்டிப் பார்க்கிறது. கிராம்பு மூச்சு விடும்போது மட்டும்.

இருபத்தைந்து நிமிடம், கோப்பை கையில் குளிரவில்லை: பூவன் பழம் வந்துவிட்டது. ஹாப்பும் ஈஸ்டும் சம பலம். இந்தப் பியர் இந்த ஐந்து நிமிடத்துக்காகவே காய்ச்சப்பட்டது போலத் தோன்றுகிறது. கசப்பு அதே அளவுதான், ஆனால் இனிப்பு எழும்பி அதற்கு மெத்தை போட்டிருக்கிறது.

நாற்பது நிமிடம்: நெஞ்சில் சூடு. ஆல்கஹால் மிளகுக் காரம் போல. தேன், ரொட்டி. ஆரஞ்சு மார்மலேடாகிவிட்டது. குமிழி குறைந்ததால் நாக்கில் கொஞ்சம் கனம்.

பியர் ஒன்றுதான். 7 டிகிரிக்கும் 14 டிகிரிக்கும் நடுவே அது தன் ஆட்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறது. ஐந்தே நிமிடத்தில் குடித்து முடித்தவர் முதல் வரியில் உள்ளவற்றை மட்டும் சந்தித்துவிட்டுப் போய்விடுகிறார்.

வண்டல் கோப்பை

பாட்டிலில் விட்ட இரண்டு விரல் பியரை இப்போது மெல்லச் சுழற்றி ஒரு சிறு கோப்பையில் தனியாக ஊற்றுங்கள். கலங்கலாக, மோர் கலந்த மாதிரி வரும். தெளிந்த பியரோடு மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். கலங்கலில் ரொட்டி மாவு வாசனை, சற்று மண், மொழுமொழுப்பு; கசப்பு வேறுமாதிரி, கொஞ்சம் முரடாக இருக்கும். சிலர் இதை முழுப் பியரிலும் கலந்து குடிப்பார்கள். ஹாப் மணத்தை நாடுகிறவர் கலக்காமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவு. வண்டல் அந்த மணத்துக்கு முக்காடு போட்டுவிடுகிறது.

குறை எது, குணம் எது?

கிராம்பு, வாழைப்பழம், லேசான கலங்கல், உயரமான நுரை: இவை குறைகள் அல்ல. ஈரமான அட்டைப்பெட்டி வாசனை குறை, காற்றுப்பட்டுப் பழையதாகிவிட்டது. ரப்பர் நெடி குறை, வெளிச்சம். நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி தூக்கலாக இருந்தால் நொதிப்பில் ஏதோ கோளாறு. வெண்ணெய் வாசனையும் இந்த வகையில் இருக்கக் கூடாது.

கூடவே என்ன சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு: பெல்ஜியத்துக் கஃபேக்களில் பாலாடைக்கட்டித் துண்டுகளைச் செலரி உப்பு, கடுகு விழுதுடன் கொடுப்பார்கள். இந்தப் பியருக்கு அதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை. கொழுப்பைக் குமிழி கழுவுகிறது, உப்பு கசப்பைத் தணிக்கிறது. மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கிளறிவிடும், கசப்பும் சேர்ந்து வாய் ரணமாகும். ஆனால் இதெல்லாம் குறிப்பு எழுதி முடித்த பிறகுதான்.

ஒப்பிட்டுப் பார்த்தல்

இன்னொரு நாள், இதே முறையில் டூவெல் ட்ரிப்பெல் ஹாப். டூவெல் வழக்கமாகச் சாட்ஸ், ஸ்டிரியன் கோல்டிங் என்ற இரண்டு ஹாப்போடு வருவது, 8.5 சதவீதம். ட்ரிப்பெல் ஹாப்பில் மூன்றாவது ஹாப் ஒன்று சேர்கிறது, 9.5 சதவீதம். 2007இல் முதலில் வந்தபோது அந்த மூன்றாவது அமரில்லோ. 2012 முதல் சில ஆண்டுகள் மூன்றாவதை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றினார்கள்: 2012இல் சிட்ரா, 2013இல் ஜப்பானில் உருவான சொராச்சி ஏஸ், 2014இல் மொசைக். மற்றவை மாறாமல் ஒரு ஹாப் மட்டும் மாறினால் கோப்பையில் என்ன மாறுகிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இப்போது எளிதாகக் கிடைப்பது சிட்ரா சேர்த்தது. சாதாரண டூவெல் ஒன்றையும் அதையும் நண்பர் ஒருவரோடு பங்கிட்டு, ஆளுக்குப் பாதிப் பாதியாக, அருகருகே வைத்து முகருங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஈஸ்ட். ஒன்றில் மட்டும் இருப்பது சிட்ரா ஹாப். சொல்லிக் கொடுக்காமலே பிரித்துவிடுவீர்கள்.

இனி அந்த இரண்டாவது ஊப்லோன் ஷூஃப் பாட்டில். இன்று எழுதிய குறிப்புத் தாளை நான்காக மடித்து ஒரு ரப்பர் வளையத்தால் அதன் கழுத்தில் கட்டுங்கள், தேதியோடு. வெளிச்சம் படாத, சூடு ஏறாத அலமாரியின் பின்புறத்தில் நிமிர்த்தி நிறுத்துங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில், அதே கோப்பையில் ஊற்றுங்கள். நான் அப்படித் திறந்தவற்றில் பிசினும் புல்லும் முதலில் போயிருந்தன, ஆரஞ்சு மார்மலேடாகச் சுருங்கியிருந்தது, கசப்பின் கூர் மழுங்கியிருந்தது. தேனும் ரொட்டியும் முன்வரிசைக்கு வந்திருந்தன. உங்கள் பாட்டிலில் எது போயிருக்கிறது, எது நின்றிருக்கிறது என்று தாளைப் பிரிப்பதற்கு முன்பே எழுதிவிட்டு, பிறகு பழைய தாளைப் பிரித்துப் பாருங்கள்.